மைத்துனரோடு பேச்சு இல்லை என்பதற்கான சான்று

எங்கள் குடும்பத்தில் எவரும் எவரோடும் பேச்சை முறித்துக்கொண்டதில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. 1998-ஆம் ஆண்டு ஆனி மாதம், கோவில்பட்டியில் ஒரு வீட்டுக்கடன் சங்கத்தில் இதுவே என்மேல் குறையாக எழுதப்பட்டது என்பதால் சொல்கிறேன்.

சித்திரையில் பழைய மண்வீட்டை இடித்திருந்தேன். கரிசலில் வீடு கட்டுவது லேசான காரியம் அல்ல. கோடையில் நிலம் காலை விழுங்கும் அளவுக்கு வெடிக்கும். மழை பெய்தால் அதே நிலம் பொங்கிச் சுவரைத் தூக்கும். அதனால் சுண்ணாம்புப் பாறை தட்டுப்படும்வரை ஆறடி தோண்டிக் கல் போட்டேன். சுவரும் மேல்மட்டத்துக்கு வந்துவிட்டது. தளம் போடத்தான் கடன் வேண்டியிருந்தது. அதுவரை நானும் என் மனைவி கோமதியம்மாளும் ஆட்டுக்கொட்டகையின் ஒரு மூலையைச் சாக்குப்படுதா கட்டி மறைத்துக் குடியிருந்தோம். ஆடுகள் எங்களிடம் மரியாதையாகவே நடந்துகொண்டன. ஆனால் சுவர் மண்சாந்தில் கட்டியது, பூச்சு இல்லை. ஐப்பசி மழைக்கு முன் தலைக்குமேல் தளம் இல்லையென்றால் அவ்வளவும் கரைந்து வந்த இடத்துக்கே போய்விடும்.

ஏழை எளியவர்களுக்கு அரசாங்கப் பணத்தில் வீட்டுக்கடன் கொடுக்கும் அந்தச் சங்கம் ஒரு கடலைமிட்டாய்க் கடையின் மாடியில் இருந்தது. செயலாளர் செண்பகராஜ் என் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"பத்திரம் சரி அண்ணாச்சி. வரைபடம் சரி. வில்லங்கம் ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு கேள்விதான். நம்ம சங்கத்து இயக்குநர்கள்ல யாராவது உங்களுக்குச் சொந்தமா?"

"பசுவந்தனை மந்திரமூர்த்தி என் மாப்பிள்ளை. உடன்பிறந்த தங்கச்சி செண்பகவல்லிய அவருக்குத்தான் கொடுத்திருக்கேன். இருபத்தெட்டு வருசம் ஆகுது. ஒரு நாள் ஒரு சொல் வந்தது கிடையாது."

நாடி பார்த்துக்கொண்டிருந்த வைத்தியர் நோயாளியின் கையைக் கீழே வைப்பதுபோல அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இத நீங்க சொல்லியிருக்கக் கூடாது."

"நீங்கதானே கேட்டிய."

"கேக்குதது என் கடம. சொல்லாம இருக்கது உங்க புத்திசாலித்தனம்."

அந்த மாதம் சென்னையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. இயக்குநரின் உறவினருக்குக் கடன் கொடுத்தால் அதற்கு 'நலன் முரண்' என்று பெயராம். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் விலக்கு வாங்க வேண்டும். விலக்குக்கு மூன்று வழிகள் சொல்லப்பட்டிருந்தன. ஒன்று, இயக்குநர் காலமாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் உறவு நீதிமன்றத்தில் முறிந்திருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் இரண்டு குடும்பத்துக்கும் பகை இருக்க வேண்டும்.

"மூணாவதுதான் செலவு கம்மி" என்றார் செண்பகராஜ். "பேச்சுவார்த்த இருக்கக் கூடாது. அவிய வீட்டுல நீங்க கை நனைக்கக் கூடாது. நல்லது கெட்டதுக்கு எட்டிப் பாக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"பகையாளிக்குத்தான் வீடா?"

"அரசாங்கப் பணம் அண்ணாச்சி. ஏழைப்பட்ட சனத்தோட பணம். சொந்தக்காரன் உள்ள வந்தா அந்தப் பணம் என்ன பாடு படும்னு எனக்குத் தெரியாதா? இந்தா, ரொக்கத்துல உக்காந்திருக்கது என் மச்சினன். டைப் அடிக்குதவ என் அண்ணன் மக. கீழ வாட்ச்மேன் என் சித்தப்பா. இத்தன பேருக்கும் விலக்கு வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தப் பாடு பட்டவன்கிறதாலதான் உங்ககிட்ட இவ்வளவு கண்டிப்பா இருக்கேன்."

"அப்போ அவிய எல்லாரோடயும் உங்களுக்குப் பகையா?"

"ஆபீஸ் நேரத்துல" என்றார் அவர்.

அப்போது வாட்ச்மேன் ஒரு தம்ளர் காப்பியை மேசை ஓரத்தில் வைத்தார். செயலாளர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சித்தப்பா படியிறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகு காப்பியை எடுத்துக் குடித்தார்.

சட்டக் கருத்துக்காக என்னை ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் இருந்த வழக்கறிஞர் வன்னியபெருமாளிடம் அனுப்பினார்கள். அவர் அறையில் எதிரெதிராக இரண்டு நாற்காலிகள் கிடந்தன. வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு தனியாக இருந்தது.

"சங்கத்துக்கு வக்கீல் நான்" என்றார். "கடன் வாங்குதவருக்கும் ஒரு வக்கீல் வேணும். சங்கம் அங்கீகரிச்ச பட்டியல் இருக்கு. அதுல இருந்துதான் வைக்கணும்."

"பட்டியல்ல யார் இருக்கா?"

"நான் இருக்கேன்."

"ஒரே ஆளு ரெண்டு பக்கமும் நிக்கலாமா?"

அவர் என்னைச் சட்டம் படித்தவனைப் பார்ப்பதுபோல மதிப்போடு பார்த்தார். "நிக்கக் கூடாது. சுத்தமான நலன் முரண். அதனால நீங்க, அதாவது உங்க வக்கீல், சங்கத்து வக்கீல்கிட்ட விலக்குக் கேட்டு எழுதணும்."

சொல்லிவிட்டு இடப்பக்க நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து எழுதினார். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் வந்தது. அதை மடித்து உறையில் போட்டு, வலப்பக்க நாற்காலிக்காரருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பும்படி குமாஸ்தாவிடம் கொடுத்தார். ஒப்புகை அட்டையும் இணைத்தார்.

"கையிலயே குடுத்துரலாமே ஐயா" என்றேன்.

"அது ரகசியக் கூட்டு மாதிரி ஆயிரும்."

பதினைந்து நாள் கழித்துப் போனேன்.

"பதில் வந்துட்டா?"

"வந்துட்டு. மறுத்துட்டாரு."

"யாரு?"

அவர் காலியாகக் கிடந்த வலப்பக்க நாற்காலியைக் காட்டினார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"மொதக் கடிதத்துக்கே சம்மதிச்சா ரெண்டு பேருக்கும் உள்ள ஏதோ உடன்பாடுன்னு தணிக்கையில எழுதிருவான் அண்ணாச்சி. நான் முப்பது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். எனக்குச் சாதகமா ஒரு தடவகூட நடந்துக்கிட்டது கிடையாது. என்னை எதிர்த்து மூணு கேஸ் ஜெயிச்சிருக்கேன். மேல்முறையீட்டுலயும் என்னால என்னை அசைக்க முடியல."

இரண்டாவது கடிதத்துக்கு, ஆடிப் பதினெட்டு வாக்கில், அவர் அரைமனதாகச் சம்மதித்தார். இரண்டு நாற்காலிக்கும் தனித்தனியாகக் கட்டணம் கொடுத்துவிட்டு, பகை விவரப் படிவம் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

படிவத்தில் பகைக்குக் காரணம், தொடங்கிய தேதி, அதன் பிறகு கை நனைத்தது உண்டா என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தார்கள். நான் அதைக் கொட்டகை எரவாணத்தில் செருகிவைத்து, இதில் என் கையெழுத்து விழாது என்று சொல்லிவிட்டேன். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுப் பெண்ணைக் கட்டிய இடத்தோடு நாங்கள் முகம் சுளித்தது இல்லை. ஒரு தளத்துக்காக அதை மாற்றி எழுத முடியாது.

கோமதியம்மாள் கிடாவின் வாயிலிருந்து தன் சேலை முந்தானையை உருவிக்கொண்டிருந்தாள்.

"நாலு எழுத்து எழுதுனா உங்க மானம் போயிருமோ? ஆட்டுப் புழுக்கையில பாய விரிச்சுப் படுத்திருக்கோம். அதுல போகாத மானமா?"

"அது வசதிக் குறைவு. மானக் குறைவு இல்ல."

"அந்த வசதிக் குறைவுக்கு ஐப்பசியில மழை பெய்யும். தெரிஞ்சுக்கிடுங்க."

மறுநாள் பசுவந்தனைக்குப் போனேன். மந்திரமூர்த்தி விஷயத்தைக் கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். நல்ல மனிதர். எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். அந்த ஒரு குறைதான் அவரிடம் உண்டு.

"இம்புட்டுத்தானா மச்சான். சண்ட போட்டுட்டாப் போச்சு. என் ஆடு உங்க உளுந்துல மேஞ்சிட்டுன்னு எழுதுங்க."

"ஆடு மேஞ்சதுக்குத் தங்கச்சி வீட்டு வாசல மிதிக்காம இருந்தான்னு என் பேர்ல எழுதணுமா?"

"வரப்புத் தகராறு?"

"வரப்புக்குச் சண்ட போடுத வம்சம் வேற மாப்பிள்ள."

"நான் குடிச்சிட்டு வந்து உங்கள ஏசிட்டேன்னு போடுங்க."

"குடிகாரனுக்கா தங்கச்சியக் குடுத்தான்னு நாலு பேரு கேப்பான்."

"நமக்குச் சண்ட போடவும் யோக்கியத இல்ல போல மச்சான்."

"பகையா இருந்தாலும் நம்ம தரத்துக்கு இருக்கணும்" என்றேன்.

அடுப்படியிலிருந்து செண்பகவல்லியின் குரல் வந்தது. "தரமா ஒண்ணு எங்கிட்ட இருக்கு. எழுதிக்கிடுங்க."

அவள் வெளியே வந்து நிலைப்படியில் நின்றாள். கையில் கரண்டி இருந்தது.

"மூத்தவ சடங்குக்கு மாமன் சீர் எப்போ வந்துச்சு? பன்னெண்டு வருசம் ஆகுது. புள்ளைய மணையில உக்கார வச்சு, வாசலப் பாத்துப் பாத்து என் கண்ணு பூத்துப்போச்சு. நல்ல நேரம் முடியப் போகுதுன்னு இவிய தாயாதி அண்ணன் ஒருத்தர் வந்து மாமன் ஸ்தானத்துல மாலையப் போட்டாரு. எல்லாம் முடிஞ்சு எலை எடுக்கையில நீங்க நிதானமா வந்து நின்னிய. அன்னைக்கு நான் ஒரு வார்த்த சொல்லல. இன்னைக்குச் சொல்லுதேன்."

நான் எழுந்து நின்றேன். "நான் நிதானமா வந்தேனா? பதினோரு தட்டோட, கிடாயோட, உன் ஊர் எல்லையில ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னேன். தாய்மாமன் சீரோட வந்து நிக்கான், மேளத்த வச்சு எதிர்கொண்டு கூட்டிட்டு வரணும்னு ஒருத்தருக்கும் தோணல. அழையா வீட்டுக்கு வர நான் என்ன மோர் வாங்க வந்தவனா? பன்னெண்டு வருசமா அத முழுங்கிட்டுத்தான் இந்த வீட்டுக்கு வந்து போய்க்கிட்டு இருக்கேன்."

"முழுங்கிட்டு வந்தியளா? அப்போ இத்தன வருசம் இங்கன தின்ன சோறெல்லாம் மனசில்லாமத் தின்னதா?"

"நீ மட்டும் மனசாரப் போட்டியா?"

மந்திரமூர்த்தி இருவருக்கும் நடுவே கையை நீட்டினார். அதற்குள் நான் செருப்பைப் போட்டுவிட்டேன். எனக்காக எடுத்து வைத்திருந்த இலை அப்படியே கிடந்தது.

மறுநாள் படிவத்தை எரவாணத்திலிருந்து எடுத்து நிரப்பினேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை. அந்த வகையில் என் கை கூசவில்லை.

செண்பகராஜ் அதை இரண்டு முறை படித்தார். இரண்டாவது முறை படிக்கும்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு தரமான பகை நம்ம சங்கத்துக்கு வந்ததே கிடையாது அண்ணாச்சி. எல்லாரும் ஆடு மேஞ்சிட்டு, கோழி மேஞ்சிட்டுன்னுதான் எழுதுவாவ."

ஆவணியில் விலக்கு வந்தது. கடனில் பாதியும் வந்தது. கம்பி வாங்கினேன். மேலே பலகை அடித்து முட்டுக் கொடுத்தாயிற்று. கோமதியம்மாள் மட்டும் அவ்வப்போது, "செண்பகவல்லிகிட்ட இருந்து ஒரு சேதியும் இல்ல" என்று ஆடுகளிடம் சொல்வதுபோலச் சொன்னாள். நான் ஆடுகளுக்குப் பதில் சொல்வது வழக்கம் இல்லை.

மீதிப் பாதியை வாங்கப் புரட்டாசியில் போனபோது செண்பகராஜ் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"தணிக்கையில மாட்டிக்கிட்டோம் அண்ணாச்சி. புதுச் சுற்றறிக்க வந்திருக்கு. இயக்குநருக்கு உங்க மேல பகை இருக்கு. பகை இருக்கதனால உங்க கடன் விஷயத்துல அவரு நேர்மையா முடிவெடுக்க முடியாது. பகையும் ஒரு நலன்தானாம். ஆக இதுவும் நலன் முரண்."

"அதுக்கு என்ன வேணும்?"

"சமாதானச் சான்று. அவிய வீட்டுல நீங்க கை நனைக்கணும். நான் நேர்ல பாத்து எழுதணும்."

"சண்ட போடச் சொன்னது நீங்கதானே?"

"சான்றுக்குச் சண்ட போடச் சொன்னோம். நீங்க நெசமாவே போட்டுட்டீங்க. இந்தச் சங்கம் ஆரம்பிச்சு பத்து வருசம் ஆகுது. எத்தனையோ பேர் பொய்யா எழுதிக் குடுத்திருக்காவ. ஒருத்தரும் இப்படி ஏமாத்துனது கிடையாது."

இந்த வயதுக்கு என்னை ஏமாற்றுக்காரன் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். நான் திருப்பிச் சொல்ல வாயெடுத்தேன். மாடி ஜன்னல் வழியே மேற்கே பார்த்தேன். அங்கே மேகம் கூடியிருந்தது. அது எவரிடமும் விலக்குக் கேட்காது. வாயை மூடிக்கொண்டு நாள் குறித்துக் கொடுத்தேன்.

அந்த நாளில் நானும் கோமதியம்மாளும் டவுன் பஸ்ஸில் பசுவந்தனை போய் இறங்கினோம். செண்பகராஜ் எங்களுக்கு முன்பே வந்து, கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் படிவத்தை விரித்து வைத்திருந்தார். பேனா மூடியையும் கழற்றியாயிற்று. இலை போட்டிருந்தது. செண்பகவல்லி சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"சான்றுக்கு வந்தியளா, சாப்பிட வந்தியளா?"

பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. "ரெண்டுக்கும்" என்றேன்.

அவள் செயலாளர் பக்கம் திரும்பினாள். "சார், எந்திரிங்க. நாற்காலிய வெளிய போட்டு உக்காருங்க. அண்ணன் தங்கச்சி சோறு திங்கத ஆளு வச்சுப் பாக்க வேண்டியதில்ல."

"அம்மா, நான் பாக்காம எப்படிம்மா எழுத?"

"பாக்காமத்தானே இத்தன நாளும் எழுதுனிய."

அவர் நாற்காலியோடு வெளியே போனார். அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். போட்ட கையோடு என்னிடம் திரும்பி விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். நானும் குரலைக் குறைக்கவில்லை. மேளம் ஏன் வரவில்லை என்று நான் கேட்டேன். சீர் ஏன் வரவில்லை என்று அவள் கேட்டாள். கோமதியம்மாள் இருவருக்கும் பொதுவாக, எவர் மேலும் படாமல் ஏசினாள்.

மந்திரமூர்த்தி அன்று ஒரு கேள்வி கேட்டார். பன்னிரண்டு வருடத்தில் எவரும் கேட்காத கேள்வி.

"மச்சான், நீங்க எங்கன நின்னிய?"

"கண்மாய்க்கரையில. எல்லைக்கல்லுகிட்ட."

"அங்கன எதுக்குய்யா நின்னிய? பஸ்ஸுல வருவியன்னு மேளக்காரங்க ஆறு பேரையும் பஸ் நிறுத்தத்துக்கு அனுப்பிட்டேனே."

"மாமன் சீர் பஸ்ஸுலயா வரும்? தட்டைச் சுமந்து நடந்துதான் வரணும்."

"ரெண்டு மணி நேரம் அங்கன நின்னு கொட்டுனாவ மச்சான். போற பஸ்ஸ எல்லாம் நிறுத்திக் கொட்டி, கண்டக்டர் வந்து சத்தம் போட்டுட்டுப் போனாரு."

"சத்தம் எனக்கும் கேட்டுது" என்றேன். "நான் வாரதுக்கு முன்னயே ஆரம்பிச்சிட்டியன்னு நெனச்சேன். அதனாலதான் எல்லையத் தாண்டாம நின்னேன்."

"அது உங்களுக்கு அடிச்ச மேளம் மச்சான்."

செண்பகவல்லி கையிலிருந்த சோற்றுக் கரண்டியைக் கீழே போட்டாள். அது குழம்புச் சட்டியில் விழ, சட்டி உருண்டது. அவள் முகத்தை மூடிக்கொண்டு சத்தமாக அழுதாள். மந்திரமூர்த்தி அதைவிடச் சத்தமாகச் சிரித்தார். நான் இலையில் உட்கார்ந்தேன். குழம்பில் பாதி தரையில் போய்விட்டது. மீதி இருந்ததை அவள் எனக்கு ஊற்றினாள். சாப்பிட்டேன். மறுசோறு கேட்டேன்.

கதவைத் திறந்தபோது நாற்காலி மட்டும் இருந்தது. செண்பகராஜ் மூன்று மணி பஸ்ஸில் போய்விட்டார்.

அவருடைய அறிக்கையின் நகல் ஒரு வாரத்தில் எனக்கு வந்தது. அதிலிருந்து: 'ஆய்வின்போது கதவு சாத்தப்பட்டது. உள்ளிருந்து நான்கு பேரின் உரத்த குரல்கள் கேட்டன. பாத்திரம் விழும் ஓசை கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு பெண் அழுதார், ஒரு ஆண் சிரித்தார். நடந்தது சமாதானமா, சண்டையா என்று தீர்மானிக்க இயலவில்லை.'

கீழே வன்னியபெருமாளின் சட்டக் கருத்து இருந்தது. சங்கத்தின் வழக்கறிஞரும் மனுதாரரின் வழக்கறிஞரும் நீண்ட ஆலோசனைக்குப் பின் முதல்முறையாக ஒருமித்து எழுதியிருந்தார்கள். 'உறவு நிறுவப்படவில்லை. பகையும் நிறுவப்படவில்லை. ஆகவே நலன் இல்லை. நலன் இல்லாதபோது முரணும் இல்லை. விலக்கே தேவையில்லை.' இரண்டு கையெழுத்துகள் இருந்தன. ஒன்று நீல மையில், மற்றொன்று கறுப்பு மையில்.

மீதிப் பணம் வந்தது. ஐப்பசி இரண்டாம் தேதி தளம் போட்டோம். செண்பகவல்லியும் மந்திரமூர்த்தியும் விடியும் முன்பே வந்துவிட்டார்கள். முதல் சட்டிக் கலவையை அவள்தான் தூக்கிக் கொடுத்தாள். நாலாம் தேதி மழை பிடித்துக்கொண்டது. தளத்துக்கு நான் விட வேண்டிய தண்ணீரை அதுவே விட்டுக்கொண்டிருக்கிறது.

ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. நானும் என் தங்கையும் சேர்ந்திருக்கிறோமா, பிரிந்திருக்கிறோமா என்று தெரியவில்லை என அரசாங்கக் காகிதத்தில் எழுதி, அது ஒரு பீரோவில் காலகாலத்துக்கும் இருக்கப்போகிறது. நாளைக்கு எங்கள் பேரப்பிள்ளைகள் எடுத்துப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? ஆகவே செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'அன்று நடந்தது சமாதானமே. மந்திரமூர்த்தி என் உடன்பிறந்த தங்கையின் கணவர். எங்களுக்குள் எந்தப் பகையும் இல்லை. அறிக்கையைத் திருத்திக்கொள்ளவும்.'

கோமதியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் தளத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"அனுப்புங்க. யாரு வேண்டாங்கா? ஆனா இருபத்தொரு நாள் கழிச்சுத்தான் பலகையப் பிரிக்கணும்னு கொத்தனார் சொல்லியிருக்காரு. அது வரைக்கும் பொறுங்க. தளம் தன் கால்ல நிக்கட்டும்."

நியாயமாகப் பட்டது. சரி என்று வாக்குக் கொடுத்தேன். இன்று பத்தொன்பதாம் நாள். தபால்தலை ஒட்டிவிட்டேன்.